இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளை ஒவ்வொருவராகச் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் வாய் திறக்கும் அளவைவாதி, கொள்கைக்குப் போவதற்கு முன்னால், மனிதன் ஒன்றை எந்தெந்த வழியில் அறிகிறான் என்று ஒரு பட்டியல் தருகிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று மொத்தம் பத்து. அந்தப் பத்தில் ஒன்று ஐதிகம். ஊர் உலகம் சொல்லிக்கொண்டு வருவதை அப்படியே ஏற்பது. அதற்கு அவன் காட்டும் உதாரணம்: இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று தெளிவது.

வறண்ட ஒரு தர்க்கப் பட்டியலுக்கு நடுவே திடீரென்று புளியமரம் ஒன்று வந்து நிற்பது போல இருக்கும் எனக்கு. (புளியமரம் என்று மூலத்தில் இல்லை. எங்கள் ஊரில் பேய்கள் புளியமரத்தில்தான் இருக்கும்.)

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. பேயை நம்புகிறவன் பொய் சொல்வதில்லை. ‘நான் பார்த்தேன்’ என்று அவன் சொல்லவில்லையே. ‘இருக்குன்னு சொல்றாங்க’ என்கிறான். அந்தச் ‘சொல்றாங்க’வில் ஒரு நேர்மை உண்டு. தொல்காப்பியர் நூல் நெடுக ‘என்ப’, ‘மொழிப’ என்று போட்டுக்கொண்டே போவதும் அதே ‘சொல்றாங்க’தான், கொஞ்சம் மரியாதையான உடையில். கேட்கிறவனுக்கு இரண்டு தகவல் கிடைக்கிறது. ஒன்று, பேய். இன்னொன்று, சொல்பவன் அதைப் பார்க்கவில்லை என்பது. இரண்டாவது தகவல் தொலைந்துபோனால் என்ன ஆகும் என்பதுதான் கொஞ்ச நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

நான் படித்தது பொறியியல். மென்பொருள் பொறியியல் பாடத்தில் எங்களுக்கு ஒரு கணக்கு வந்தது. வடிவமைக்கும்போதே கண்டுபிடித்த பிழையைத் திருத்த 1 ரூபாய் ஆகுமென்றால், சோதனை தொடங்குவதற்குச் சற்று முன்பு கண்டுபிடித்தால் 6.5 ரூபாய், சோதனையின்போது 15, வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு 60 முதல் 100 ரூபாய். பரீட்சைக்கு வரும் என்று மனப்பாடம் செய்தோம். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே எண்கள் ஸ்லைடுகளில் வந்தன. கீழே பொடி எழுத்தில் ‘ஐபிஎம் சிஸ்டம்ஸ் சயின்சஸ் இன்ஸ்டிட்யூட்’ என்று இருக்கும். அந்த ஸ்லைடு வந்துவிட்டால் கூட்டத்தில் அதற்குமேல் பேச்சு எழாது. ஐபிஎம்மே சொல்லிட்டாங்களே.

இந்த எண்களின் பிறந்த வீட்டைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர்கள் லோரான் பொசாவி, அவருக்குப் பின்னால் ஹில்லல் வெய்ன். வழி ரோஜர் பிரஸ்மனின் புகழ்பெற்ற பாடநூலுக்குப் போகிறது. உலகம் முழுக்கப் பொறியியல் மாணவர்கள் படித்த புத்தகம். அதில் மேற்கோளாகச் சுட்டப்பட்டிருப்பது ஓர் ஆய்வுக் கட்டுரை இல்லை, 1981ஆம் ஆண்டின் ஒரு பயிற்சி வகுப்புக் குறிப்பு. அந்த ‘இன்ஸ்டிட்யூட்’ ஐபிஎம்மின் உள் பயிற்சித் திட்டம். குறிப்புக்குப் பின்னால் எத்தனை திட்டங்கள், எந்த ஆண்டு, யார் அளந்தார்கள்? தேடியவர்களின் கைக்கு எதுவும் சிக்கவில்லை. பொசாவி தன் புத்தகத்துக்கு வைத்த பெயர் ‘மென்பொருள் பொறியியலின் லெப்ரெக்கான்கள்’. லெப்ரெக்கான் என்றால் அயர்லாந்து நாட்டுக் கதைகளில் வரும் குட்டிச்சாத்தான். அளவைவாதிக்கு ஐரிஷ் தெரிந்திருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

அதற்காக அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. பாரி போம் என்பவர் 1970களில் பெரிய திட்டங்களிலிருந்து உண்மையான தரவு திரட்டி, தாமதமாகத் திருத்தினால் செலவு ஏறுகிறது என்று காட்டியிருக்கிறார். பிற்பாடு டிம் மென்சீஸும் மற்றவர்களும் 171 திட்டங்களை ஆராய்ந்து, தங்கள் தரவில் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை என்று எழுதினார்கள். உண்மை இவற்றுக்கு நடுவில் எங்கோ, திட்டத்துக்குத் திட்டம் மாறிக்கொண்டு இருக்கலாம். என் கேள்வி வேறு. நாளைக்கு அந்த 100 என்ற எண் சரிதான் என்று நிரூபணமானால், அதை ஸ்லைடில் போட்டவர் நேர்மையாக நடந்துகொண்டார் என்று ஆகிவிடுமா?

வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, கடல் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம். ஆனால் இதுவரை எத்தனையோ முறை பத்திரமாகப் போய்வந்த கப்பல்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் புலம்பெயர்ந்து போகிறவர்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கிளிஃபர்ட் அடுத்து கேட்பதுதான் கஷ்டமானது. கப்பல் மூழ்காமல் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார் அவர். நம்பும் உரிமை அவருக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி, நம்பியது பலித்ததா என்பது வேறு விஷயம். (எங்கள் தொழிலில் மென்பொருளை வெளியிடுவதை ‘ஷிப் பண்றது’ என்போம். கிளிஃபர்டைப் படித்த நாளிலிருந்து அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் கூசுகிறது.)

கிளிஃபர்ட் கொஞ்சம் அதிகமாகவே கறாரானவர். அவர் சொல்படி நடந்தால் காலையில் பால் பாக்கெட்டைக்கூட நம்ப முடியாது. ஆனாலும் ஸ்லைடு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். அடிக்குறிப்பில் ஒரு மூலத்தின் பெயரைப் போடுவது சாட்சிக் கூண்டில் ஏறுவது மாதிரி. ‘இங்கே போனேன், பார்த்தேன், நீங்களும் போய்ப் பார்க்கலாம்’ என்று அதற்கு அர்த்தம். போகாமலே போனதாகச் சொன்னால், மரத்தில் உண்மையிலேயே பேய் இருந்தாலும், நான் சொன்னது பொய்.

*

நன்னூல் நூல்களை மூன்றாகப் பிரிக்கிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல். ஆய்வு முறை சொல்லித்தரும் வகுப்புகளில் முதன்மை ஆதாரம், இரண்டாம் நிலை ஆதாரம், மூன்றாம் நிலை ஆதாரம் என்று வரும்போது, ‘அட, நம்ம பவணந்தி முனிவர் அன்னைக்கே சொல்லிட்டாரே’ என்று ஒரு குஷி வரும். எனக்கும் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

மரபில் முதல்நூல் என்பது அதிகாரம். தொல்காப்பிய மரபியல்படி அது வினையிலிருந்து நீங்கிய, தெளிந்த அறிவுள்ள ஒருவனிடமிருந்து வருவது. வழிநூல்காரன் அதைத் தொகுக்கலாம், விரிக்கலாம், மொழிபெயர்க்கலாம். மறுக்க முடியாது. ஆய்வில் முதன்மை ஆதாரத்துக்கு அப்படி எந்தச் சிம்மாசனமும் கிடையாது. அது சம்பவ இடத்தில் இருந்த சாட்சி, அவ்வளவுதான். சாட்சி பொய் சொல்லலாம், மறந்திருக்கலாம், பயந்திருக்கலாம். ஒரு நிரலின் கமிட் வரலாறு அந்த நிரல் எப்படி வளர்ந்தது என்பதற்கு முதன்மை ஆதாரம். அதில் ‘சின்னத் திருத்தம்’ என்ற குறிப்போடு நாலாயிரம் வரி மாறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதன்மை ஆதாரத்துக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ‘அங்கே உண்மை இருக்கிறது’ என்று சொன்னால் நம்பாதீர்கள். அங்கே இருப்பது ஒருவர் குறைவான வரிசை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நன்னூல்படி ஒரு நூல் முதல்நூல் என்றால் அது எப்போதும் முதல்நூல்தான். ஆய்வில் அது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. பிழைகளைத் திருத்த எவ்வளவு செலவாகும் என்பது கேள்வியென்றால் பிரஸ்மனின் பாடநூல் வழிநூல், அதுவும் கொஞ்சம் கால் நொண்டுகிற வழிநூல். கடந்த தலைமுறைப் பொறியாளர்களுக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பது கேள்வியென்றால் அதே புத்தகம், அதே பக்கம், முதன்மை ஆதாரம்.

இதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் இறையனார் அகப்பொருள் உரை. அந்த உரை தான் எப்படிக் கைமாறி வந்தது என்று தானே சொல்கிறது. நக்கீரர் தன் மகனுக்குச் சொன்னார், அவர் இன்னொருவருக்குச் சொன்னார் என்று பெயர் பெயராக அடுக்கி, முசிறி நீலகண்டனார் வரை வந்து நிற்கிறது. இவ்வளவு பொறுப்பாக ‘யார் சொன்னது’ என்று பதிந்த பழைய உரை எனக்கு வேறு தெரியாது. இதே உரையில்தான் முச்சங்கக் கதை நமக்கு முதலில் விரிவாகக் கிடைக்கிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. மூன்றையும் கூட்டினால் 9990.

அதாவது, கைமாறிய வழியை ஒளிக்காமல் சொன்ன உரையில்தான் நம்புவதற்கு மிகக் கடினமான எண்களும் இருக்கின்றன. வழியைச் சொல்லிவிட்டால் செய்தி உண்மையாகிவிடாது. ஆனால் அந்த வழி எழுதப்பட்டிருப்பதால்தான் நம்மால் கேள்வி கேட்க முடிகிறது. இத்தனை வாய்களைத் தாண்டி வந்த எண் எப்படிச் சிதையாமல் வந்திருக்கும் என்று. ஆய்வாளர்கள் இந்த உரையைப் பொதுவாக 8ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்கள். சங்கங்கள் எத்தனை ஆண்டு நடந்தன என்பதற்கு இது பலவீனமான சாட்சி. அந்த நூற்றாண்டுத் தமிழ்ப் புலவர்கள் தங்கள் பழமையை எப்படிக் கற்பனை செய்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாட்ஸப்பில் 9990ஐத் தூக்கிக்கொண்டு வருகிற நண்பர்களும், ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று உரையையே தூக்கிப் போடுகிற நண்பர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்ன கேள்வியோடு அந்த நூலிடம் போகிறோம் என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை.

*

மூலத்தைப் படிக்காமல் அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? எண் தவறாகப் போகலாம், அது ஒரு நஷ்டம். எழுதியவருக்கு இழைக்கும் அநியாயம் இன்னொன்று. அதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மென்பொருள் துறையில் ‘வாட்டர்ஃபால்’ என்பது இன்று கிட்டத்தட்ட வசவுச் சொல். முதலில் தேவைகளை எல்லாம் எழுதி முடி, பிறகு வடிவமை, பிறகு நிரல் எழுது, கடைசியில் சோதித்துப் பார். அருவித் தண்ணீர் மாதிரி கீழ்நோக்கி மட்டும் ஓட்டம், மேலே ஏற வழி கிடையாது. இந்த முறையின் தந்தை என்று வின்ஸ்டன் ராய்ஸ் என்பவரையும், 1970இல் அவர் எழுதிய கட்டுரையையும் பாடநூலுக்குப் பாடநூல் சொல்வார்கள். அந்தக் கட்டுரை இன்று இணையத்தில் கிடைக்கிறது. பதினொரு பக்கம். ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

படித்தால் முதலில் தெரிவது, அதில் ‘வாட்டர்ஃபால்’ என்ற சொல்லே இல்லை என்பது. அந்தப் பெயர் சில ஆண்டுகள் கழித்து வேறு இருவர் எழுதிய கட்டுரை வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. அடுத்து, அந்தப் பிரபலமான படம். ஏழு பெட்டிகள், படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. இருக்கிறது, இரண்டாவது படமாக. படம் வந்த கையோடு ராய்ஸ் எழுதுகிறார்: அடிப்படைக் கருத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் இதை இப்படியே செயல்படுத்துவது அபாயம், தோல்வியில் போய் முடியும். ஏனென்றால் சோதனை கடைசியில் வருகிறது. பெரிய கோளாறு அப்போதுதான் தெரியும். தெரிந்தால் மறுபடி வடிவமைப்புக்கே திரும்ப வேண்டும், செலவோ காலமோ இரட்டிப்பாகிவிடலாம். விண்கல மென்பொருளில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவரின் எச்சரிக்கை அது. மிச்சப் பக்கங்கள் முழுக்க அந்தப் படத்தை எப்படித் திருத்துவது என்பதுதான். அதில் ஒரு யோசனை, முதல் முறையாகச் செய்கிற விஷயமென்றால் இரண்டு தடவை செய், முதலாவதை ஒத்திகையாக வைத்துக்கொள் என்பது. வாடிக்கையாளரைக் கூடவே வைத்துக்கொள் என்பது இன்னொன்று.

படம் மட்டும் கட்டுரையிலிருந்து கழன்று ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. எச்சரிக்கை பின்னால் ஓடி வந்து மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஒரு வைத்தியர் ‘இதைச் சாப்பிடாதே’ என்று ஒரு காயின் படத்தை வரைந்து காட்ட, அந்தக் காயையே அவர் பெயரால் சந்தையில் விற்றது மாதிரி. ராய்ஸ் 1995இல் காலமானார். எந்த முறையைப் பற்றி எச்சரித்தாரோ அந்த முறையின் தந்தையாகவே இன்றுவரை கல்லூரிகளில் அறிமுகமாகிறார். இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதைகளில் ரொம்பச் சுலபமானது, அவர்கள் எழுதியதை ஒரு முறை படிப்பது. பதினொரு பக்கம்!

இப்போது எதிர்த் திசையிலும் ஒரு பேய் உருவாகி வருகிறது. ‘ராய்ஸ் அப்பவே அஜைல் பேசினவரு’ என்று ஒரு கோஷ்டி. மறுபடியும் மூலத்துக்குப் போனால் அதுவும் அவ்வளவு பொருந்தவில்லை. ஆவணங்களை ஏராளமாக எழுதச் சொல்கிறார், வரிசையைக் கைவிடவும் இல்லை. அவர் சொன்னது அவர் சொன்னதுதான். நம்முடைய சண்டைக்கு அவரைக் கூப்பிட்டால் அவர் வரமாட்டார்.

*

என் சித்தி மகள் ஊட்டச்சத்துத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். வளரிளம் பெண்களிடம் ரத்தசோகை பற்றியது. போன வருடம் முன்னுரை அத்தியாயத்தை ‘ஒரு தடவை பாருங்கண்ணா’ என்று அனுப்பினாள். அதில் ஒரு அழகான வாக்கியம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் ஸ்பினாச் கீரையில் பத்து மடங்கு இரும்புச்சத்து இருப்பதாக உலகம் நம்பியது, பாப்பாய் கார்ட்டூன் பிறந்ததும் அதனால்தான், 1930களில் தவறு திருத்தப்பட்டது. அடிக்குறிப்பில் 1981ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்.

‘இதை எங்க எடுத்த?’

‘ஒரு ரிவ்யூ ஆர்ட்டிகிள்லண்ணா.’

‘கீழ 1981ன்னு போட்டிருக்கியே, அதைப் பாத்தியா?’

‘ரிவ்யூல அதைத்தான் போட்டிருந்தாங்க. எல்லாருமே அதைத்தான் போடறாங்க.’

அந்த 1981 கட்டுரை டெரி ஹாம்ப்ளின் என்ற ரத்தவியல் மருத்துவர் கிறிஸ்துமஸ் சமயத்து இதழில் எழுதியது. தலைப்பு, போலி என்ற பொருள் தரும் ஒற்றைச் சொல். அறிவியலில் நடக்கும் மோசடிகளையும் தவறுகளையும் பற்றிச் சுவையாக எழுதப்பட்டது. ஸ்பினாச் கதைக்கு அதில் ஆதாரம் எதுவும் சுட்டப்படவில்லை. மைக் சட்டன் என்ற ஆய்வாளர் 2010இல் இந்தக் கதையைத் துருவிப் பார்த்தார். தசமப் புள்ளி தவறியதற்கான ஆவணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பாப்பாய் 1932இல் தானே சொல்கிற காரணம் இரும்பு இல்லை, வைட்டமின் ஏ. ஆக, கவனமில்லாமல் ஆதாரத்தைக் கையாண்டால் என்ன ஆகும் என்று எச்சரிக்க உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட கதை, தானே ஆதாரமில்லாமல் பரவியிருக்கிறது. நார்வே நாட்டு ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014இல் இதை வைத்து எழுதிய கட்டுரையை, ஆய்வு மாணவர்கள் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் படிக்க வேண்டும். ஒரு கதையைப் படிக்காமலே மேற்கோள் காட்டுவது எப்படி அடுக்கடுக்காகப் பரவுகிறது என்பதை அவர் துப்பறியும் கதை மாதிரி காட்டுகிறார்.

போகிற போக்கில் ஒன்று. ஸ்பினாச் என்பது நம்மூர்க் கடைகளில் பாலக் என்று விற்கும் கீரை. தமிழ்க் கட்டுரைகளில் அது பெரும்பாலும் ‘பசலை’ ஆகிவிடுகிறது. வேலியில் படரும் கொடிப்பசலை வேறு செடி, வேறு குடும்பம். ஆதாரம் கைமாறும்போது எண் மட்டும்தான் மாறும் என்றில்லை, கீரையே மாறிவிடும்.

‘சரி, அப்ப ஹாம்ப்ளினை எடுத்துட்டு ரெக்டாலைப் போடட்டுமா?’ என்றாள். போடலாம். ‘ரெக்டால் சுட்டிய ஹாம்ப்ளின்’ என்று போடுவது இன்னும் நேர்மை. அங்கேதான் சிக்கல். அவளுடைய நெறியாளருக்கு அந்த வடிவம் பிடிக்காது. வழிநூலைச் சுட்டினால் ஆய்வு மெலிந்து தெரியும், மூலத்தையே போடு என்பார். மூலத்தைப் படி என்பது அதற்கு அர்த்தமில்லை, மூலத்தின் பெயரைப் போடு என்று அர்த்தம். முதன்மை ஆதாரத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையே இந்தப் பொய்யை வளர்க்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ‘சொல்றாங்க’ என்று எழுதினால் மதிப்பெண் குறையும். ‘பார்த்தேன்’ என்று எழுதினால் கூடும். பிறகு யார்தான் ‘சொல்றாங்க’ என்று எழுதுவார்கள்?

அந்த வாக்கியத்தை அவள் எடுத்துவிட்டாள். ஸ்பினாச் அவள் ஆய்வுக்கு அலங்காரம்தான், போனால் போகிறது. அடுத்த பக்கத்தில் இருந்தது அலங்காரம் இல்லை.

15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று எழுதி ஒரு செய்திக் கட்டுரையைச் சுட்டியிருந்தாள். எண் சரியானது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின் எண். ஆய்வறிக்கையையே திறந்து பார்த்தபோது, எண்ணோடு கூட அது எப்படி அளக்கப்பட்டது என்பதும் இருந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி, வீட்டு வாசலிலேயே சிறு கருவியில் வைத்து அளந்தது. 2016–18இல் நடந்த இன்னொரு அரசு ஆய்வு, விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு. அது நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சோதித்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் அது சொல்வது 40 சதவீதம்.

இரண்டும் முதன்மை ஆதாரம். இரண்டுமே பொய் சொல்லவில்லை. வயது வரம்பு வேறு, ஆண்டு வேறு, முக்கியமாக ரத்தம் எடுத்த இடம் வேறு. விரல் நுனியை அழுத்தினால் திசுநீர் கலந்து அளவு மாறலாம் என்று ஊட்டச்சத்து உலகில் ஒரு பெரிய விவாதமே நடக்கிறது. செய்திக் கட்டுரையில் இதில் ஒன்றும் கிடையாது. 59 என்று மொட்டையாக நின்றது. பள்ளிகளில் வாரம் ஒரு முறை கொடுக்கிறார்களே நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, அது எத்தனை பெண்களுக்குத் தேவை, கொடுத்த பிறகு குறைந்ததா கூடியதா என்றெல்லாம் முடிவெடுக்க இந்த எண்தான் வேண்டும். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் கோடிக்கணக்கில் பெண் பிள்ளைகள் நிற்கிறார்கள். சோர்ந்து உட்காருகிற பிள்ளைக்கு இது ஆய்வு முறையியல் பிரச்சினை இல்லை.

‘எதை போடறதுண்ணா?’ என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் நிரல் எழுதுகிறவன்.

*

எல்லாவற்றையும் மூலத்தில் போய்ப் பார்க்க யாராலும் முடியாது. லண்டன் ராயல் சொசைட்டியின் லத்தீன் முழக்கத்துக்கு, யார் வாய்ச்சொல்லையும் அப்படியே ஏற்காதே என்று பொருள். கேட்க நன்றாக இருக்கிறது. அதன் உறுப்பினர்களே ஒரு நாள்கூட அப்படி வாழ்ந்திருக்க முடியாது. நானும் மணிமேகலையை உரை இல்லாமல் படித்ததில்லை. 27ஆம் காதை உரையோடுகூடக் கடினம்தான். என் கையில் இருக்கும் மூலமும் உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டு 1898இல் பதிப்பித்ததன் வழியில் வந்தது. ஏட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆக, மரத்துப் பேயைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னதே மூன்று நான்கு கை மாறி வந்ததுதான்.

எங்கள் தொழிலில் இந்த நிலைமை ரொம்ப வெளிப்படையானது. நான் பத்து வரி எழுதினால் அது முன்பின் தெரியாதவர்கள் எழுதிய பல்லாயிரம் வரிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். 2016இல் ஒருவர் தான் எழுதிய ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினொரு வரி நிரலைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்கள் ஓடாமல் நின்றன. தாங்கள் அதை நம்பியிருந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்கள் நேரடியாக அதைச் சேர்க்கவில்லை, அவர்கள் சேர்த்த ஒன்று சேர்த்த இன்னொன்று அதைச் சேர்த்திருந்தது.

ஆனால் எங்களிடம் லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு. நாம் நேரடியாக நம்பியது எது, அது யாரை நம்பியது, அவர் யாரை, எந்தப் பதிப்பு என்று கடைசி இலை வரை அதில் எழுதியிருக்கும். யாரும் உட்கார்ந்து வாசிப்பதில்லை. எங்காவது உடையும்போது திறந்து பார்ப்போம். இறையனார் அகப்பொருள் உரையின் அந்தப் பெயர் வரிசை எனக்கு ஒரு லாக் ஃபைலாகத்தான் தெரிகிறது. ஆய்வேடுகளின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல் அப்படி இல்லை. அதில் எல்லாப் பெயர்களும் ஒரே உயரத்தில், அகர வரிசையில் நிற்கும். எதை வரிக்கு வரி படித்தார், எதன் சுருக்கத்தை மட்டும் பார்த்தார், எதை இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுத்தார் என்று வெளியே தெரியாது. அதைத் தெரியும்படி எழுதுவதற்கு ஒரு மரியாதையான வடிவத்தை நம் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டால் பாதிப் பொய் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்றுக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை.

இதற்கிடையில் இப்போது மேற்கோள்களை இயந்திரமே எழுதித் தருகிறது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் முன்னுதாரணமாகத் தாக்கல் செய்தார்கள். அப்படி வழக்குகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஊரார் சொல்வதற்குக் குறைந்தது ஒரு மரமாவது வேண்டியிருந்தது. இங்கே மரமும் கிடையாது. ஆனால் கையெழுத்து இருந்தது. நீதிபதி தண்டித்தது அந்தக் கையெழுத்தைத்தான், இயந்திரத்தை இல்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது.

சித்தி மகள் கடைசியில் இரண்டு எண்களையும் போட்டாள். 59, எந்த ஆய்வு, எந்த வயது, விரல் நுனி ரத்தம். 40, எந்த ஆய்வு, எந்த வயது, நரம்பு ரத்தம். இரண்டையும் ஏன் நேராக ஒப்பிட முடியாது என்று ஒரு பத்தி. ஒரு வரியாக இருந்தது முக்கால் பக்கம் ஆயிற்று. படிக்காத முப்பது முப்பத்தைந்து மேற்கோள்களையும் எடுத்துவிட்டாள். நெறியாளர் ஓரத்தில் பென்சிலால் இரண்டு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். மேற்கோள்கள் ஏன் குறைந்துவிட்டன என்பது ஒன்று. ஏதாவது ஒரு எண்ணை மட்டும் தரவும் என்பது மற்றொன்று. அவள் இன்னும் பதில் எழுதவில்லை.